நூற்பட்டியலும் நூல் வாசிப்பும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)





"வாசிப்பின் பயன்" என்னும் பொருள் பற்றி அரைமணி நேரம் பேசுமாறு சங்கச் செயலாளர் எமக்கு எழுதியிருந்தார். பயன் பெற்றவரன்றோ பயனைப் பற்றிப் பேசுதல் வேண்டும்? நாம் அதற்குத் தகுதியுடையோம் அல்லோம். ஆனால் வாசிக்க விரும்பியும் வாசியாது விட்ட நூல்களைப் பற்றியாயின், இச்சபையில் எம்மைவிட அதிகாரத்தோடு பேசக்கூடியவர் ஒருவரும் இரார் என்று துணிந்து கூறுவோம். ஆதலால் தலைப்பைச் சிறிது மாற்றிக்கொள்ளத் தலைவர் அவர்களின் அனுமதியை வேண்டுகின்றோம்.

எம்மிடம் ஒரு கொப்பி உண்டு. கடையில் வாங்கும் சாதாரண அப்பியாசக் கொப்பிதான். அதன் மட்டையில் "வாசிக்க வேண்டிய நூல்கள்" என்று எழுதியுள்ளோம். இன்று காலை எண்ணிப் பார்த்தபோது அதில் 417 நூல்களின் பெயர்கள் இருந்தன. வாசித்து முடித்தவை என்று கோடிடப்பட்டவை 96, எஞ்சியவை 321. இவ்வுரையை ஆயத்தஞ் செய்வதற்கென ஒரு நூலை எடுத்துப் புரட்டினோம். அதனால் இரண்டு பெயர்கள் புதிதாகச் சேர்ந்தன. அவையும் இக்கணக்கில் அடக்கம்.

உங்களுள்ளும் பலர் இத்தகைய பட்டியல் ஒன்றை வைத்திருப்பீர்கள். கொப்பியில் எழுதாவிடினும் மனத்தில் எழுதியிருப்பீர்கள். "பரீட்சை முடியட்டும், வாசிப்போம்". "உத்தியோகம் கிடைக்கட்டும், வாங்குவோம்". "ஓய்வு பெறட்டும், ஆறுதலாகப் படிப்போம்" என்று நாட்கள் போகின்றன. பட்டியல் வளர்கிறது, வாசகன் வளர்கின்றானா என்பதே கேள்வி. இக்கேள்வியை எம்மிடம் முதன்முதற் கேட்டவர் எமது அப்பப்பா. அவர் கேட்ட கதையைக் கூறுமுன், அக்கொப்பி எவ்வாறு தோன்றியது என்பதைச் சொல்லுதல் வேண்டும்.

அப்பப்பா தபாற் கந்தோரிற் கடமையாற்றியவர். பெரிய சம்பளக்காரர் அல்லர். எனினும் மாதந்தோறும் ஒரு நூல் வாங்கும் வழக்கம் அவருக்கு இருந்தது. முன் விறாந்தையில் இருந்த மரஅலுமாரி ஒன்று அவ்வாறு நிறைந்தது. 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு, வலிகாமத்து மக்கள் எல்லோரும் மழையில் நனைந்துகொண்டு நாவற்குழி வழியாகத் தென்மராட்சிக்குப் பெயர்ந்த கதையை நீங்கள் அறிவீர்கள். உங்களிற் பலர் நடந்தே வந்தவர்கள். நாமோ அன்று பிறந்திருக்கவில்லை. ஒரு துவிச்சக்கர வண்டியில் எதை ஏற்றுவது? அரிசியும் உடுப்பும் உறுதிகளும் ஏறின. அலுமாரி பூட்டப்பட்டது. திறப்பு அப்பப்பாவின் மடியில் இருந்தது.

அடுத்த ஆண்டு திரும்பி வந்தபோது கூரை பெயர்ந்திருந்தது. மழையும் கறையானும் தம் வேலையைச் செய்து முடித்திருந்தன. அலுமாரியினுள்ளே நூல் என்று சொல்லத்தக்கது ஒன்றும் எஞ்சவில்லை. அப்பப்பா அதைப் பற்றி அதிகம் பேசவில்லையாம். ஒரு தாளை எடுத்து, அலுமாரியில் எந்தத் தட்டில் எந்த நூல் இருந்தது என்று நினைவிலிருந்து எழுதத் தொடங்கினாராம். மூன்று நாள் எழுதி 38 நூல்களின் பெயர்களை மீட்டார். அதற்குமேல் நினைவு கொடுக்கவில்லை. சுவாமி விபுலானந்தரின் யாழ்நூல், உ. வே. சாமிநாதையரின் என் சரித்திரம், மங்களநாயகம் தம்பையாவின் நொறுங்குண்ட இருதயம், செங்கை ஆழியானின் வாடைக்காற்று என்று பண்டிதமும் கதையும் கலந்த பட்டியல் அது.

நாம் கற்றது ஒரு மிஷன் பாடசாலையில். அங்கே பரிசளிப்பு விழாவிற் பரிசாக நூலையே தருவார்கள். உள்ளட்டையில் மாணவன் பெயரும் பாடமும் எழுதிய தாள் ஒன்று ஒட்டப்பட்டிருக்கும். எமக்கு முதன்முதற் கிடைத்த பரிசு, டானியல் டீஃபோ 1719இல் வெளியிட்ட ரொபின்சன் குரூசோ கதையின் சிறுவர் பதிப்பு. கப்பலுடைந்து தீவில் ஒதுங்கிய குரூசோ, தன் நிலைமையின் தீமை நன்மைகளை வரவு செலவுக் கணக்குப் போல இரு நிரலாக எழுதி வைத்தான். பட்டியல் எழுதும் நோய் எமக்கு அவனிடமிருந்தே தொற்றியிருத்தல் வேண்டும். பதின்மூன்று வயதில் அப்பப்பாவின் 38 பெயர்களையும் ஒரு கொப்பியிற் பிரதி செய்தோம். பின்னர் எம் கைப்பட 39ஆவது பெயரை எழுதினோம். அன்று தொடங்கிய வளர்ச்சி இன்றும் நிற்கவில்லை.

ஒரு நூலை வாசித்து முடித்தால் பட்டியலில் ஒன்று குறைதல் வேண்டும்; கணிதம் அவ்வாறுதான் சொல்கிறது. அனுபவமோ வேறு. ஒரு நூல் ஐந்து நூல்களின் பெயரைச் சொல்லிவிட்டே ஓய்கிறது. நாவல் ஒன்றைப் படித்தால் அவ்வாசிரியரின் மற்றைய நாவல்கள்; வரலாறு ஒன்றைப் படித்தால் அதற்கு ஆதாரமான நூல்கள்; முன்னுரையைப் படித்தால் முன்னுரை எழுதியவரின் நூல்கள். பல்கலைக்கழகம் புகுந்தபின் நிலைமை இன்னும் மோசமாயிற்று. பேராதனை நூலகத்தின் அலுமாரிகளுக்கிடையில் அரைமணி நேரம் நடந்தால் ஒரு பக்கம் நிறைந்துவிடும்.

இதற்கு மருந்தாகத் திட்டங்கள் வகுத்தோம். முதற்றிட்டம், இலக்க வரிசைப்படி ஒன்று முதல் வாசித்தல். மூன்றாம் இலக்கத்தில் ஓர் இலக்கண நூல் இருந்தது. அங்கே வண்டி நின்றது. இரண்டு மாதம் நகரவேயில்லை.

இரண்டாவதாக, அறிஞர் வகுத்த வாசிப்புத் திட்டங்களை ஆராய்ந்தோம். இவ்விடத்திலும் நாம் புதியவர் அல்லோம். எம் நோய் உலகப் பொதுவானது. 1886இல் இலண்டனில் தொழிலாளர் கல்லூரி ஒன்றின் அதிபராயிருந்த சேர் ஜோன் லபக், வாசிக்கத்தக்க நூறு நூல்களைத் தெரிந்து ஒரு பட்டியல் வெளியிட்டார். அது பெரும் விவாதத்தைக் கிளப்பிற்று. ஹாவர்ட் பல்கலைக்கழகத்தின் தலைவராயிருந்த சார்ள்ஸ் எலியற், ஐந்தடி நீளமான தட்டொன்றில் அடங்கும் நூல்களை நாளொன்றுக்குப் பதினைந்து நிமிடம் வாசித்தால் ஒருவர் நல்ல கல்வி பெறலாம் என்றார். அக்கருத்தின் வழி 1909இல் ஐம்பது தொகுதிகள் கொண்ட நூல்வரிசை வெளிவரத் தொடங்கிற்று. 1960இல் கிளிஃப்டன் ஃபடிமன் வாழ்நாள் முழுவதுக்குமான வாசிப்புத் திட்டமொன்றை நூலாகவே எழுதினார். அதன் முதற்பதிப்பு மேல்நாட்டு நூல்களையே கூறியது. கீழைத்தேய நூல்கள் பல்லாண்டு கழிந்து வந்த பதிப்பிலேதான் இடம்பெற்றன. இப்பெரியோர்களின் பட்டியல்களைக் கற்றதனால் எமக்கு உண்டான பயன் ஒன்றுதான்: எமது பட்டியலில் மேலும் நாற்பது பெயர்கள் சேர்ந்தன.

மூன்றாவது கணக்குத் திட்டம். பாடநூல்களுக்கு அப்பால் ஆண்டொன்றுக்கு 25 நூல்கள் வாசிக்க முடிகிறது என்று கண்டோம். எஞ்சிய 321 நூல்களுக்கும் ஏறக்குறையப் பதின்மூன்று ஆண்டுகள் போதும். அதுவும் இன்றோடு பேனாவை மூடிவைத்தால்! ஆனால் ஆண்டொன்றுக்கு 60 பெயர்கள் சேர்கின்றன. அப்படியாயின் ஆண்டுதோறும் கடன் 35ஆல் ஏறுகிறது. பத்து ஆண்டில் எஞ்சியவை 671 ஆகும். வட்டிக்குக் கடன் வாங்கியவன் கதைதான். இப்பட்டியலை வாசித்து முடிக்கும் நாள் என்று ஒரு நாள் எமது ஆயுளில் இல்லை என்பதைக் கணிதம் தெளிவாகக் காட்டிவிட்டது.

நான்காவது திட்டம் எல்லாவற்றிலும் இனிமையானது, எல்லாவற்றிலும் பொய்யானது. அஃது, நூல்களை வாங்கிக் குவித்தல். கையில் இருந்தால் ஒரு நாள் வாசிப்போம் என்பது இதன் தத்துவம். நாம் உயர்தர வகுப்பில் இருந்த 2022ஆம் ஆண்டில் நாட்டிற் காகிதத் தட்டுப்பாடு எத்துணை கொடிதாயிருந்தது என்பதை மறந்திருக்கமாட்டீர்கள். மேல் மாகாணத்திற் பாடசாலைத் தவணைப் பரீட்சைகளே தாளின்றிப் பிற்போடப்பட்டன. அதன்பின் நூல்களின் விலை ஏறிய வேகத்தைக் கண்டு, "இன்று வாங்காவிடின் என்றும் வாங்க முடியாது" என்னும் அச்சம் பிடித்துக்கொண்டது. கொழும்பிலே செப்டெம்பர் மாதப் புத்தகக் கண்காட்சிக்குச் சென்றால் உணவுச் செலவுக்கு வைத்திருந்த பணமும் நூலாகிவிடும். மருதானையிலே பழைய புத்தகக் கடைகள் வரிசையாக உள்ள தெருவுக்குப் போனால் பேருந்துக் காசும் நூலாகிவிடும். இவ்வாறு வாங்கி, ஒரு பக்கந்தானும் திறக்காத நூல்கள் 23 எமது விடுதிக் கட்டிலின் கீழே உறங்குகின்றன. அவற்றின்மேல் நாமும் உறங்குகின்றோம்.

முதலாம் ஆண்டுப் பரீட்சை முடிந்து விடுமுறைக்கு வீடு வந்திருந்தோம். அப்பப்பாவின் பார்வை அப்போது மிகவும் மங்கிவிட்டது. பத்திரிகையின் தலைப்பெழுத்தைத் தவிர வேறொன்றும் தெரியாது. மாலையிற் சாய்மனைக் கதிரையில் இருந்தவரிடம் எமது கொப்பியைப் பெருமையோடு எடுத்துச் சென்றோம். அதில் அப்போது இருநூற்றுக்கு மேற்பட்ட பெயர்கள் இருந்தன. பக்கங்களை ஒவ்வொன்றாக வாசித்துக் காட்டினோம். அவர் தலையசைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். முடிந்ததும் கேட்டார்:

"முதற் பக்கத்திலை நான் எழுதினது முப்பத்தெட்டு. அதிலை எத்தினை படிச்சு முடிச்சனீ, தம்பி?"

"ஒன்பது, அப்பப்பா."

அவர் சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு சொன்னார்:

"புத்தகம் இல்லாமற் போனதாலை நான் எழுதின பட்டியல் அது. நீ புத்தகம் இருக்கேக்கை எழுதிறாய்."

அவர் கோபித்துச் சொல்லவில்லை. அதனாலேயே அச்சொல் எம்மை அதிகம் சுட்டது. அன்றிரவு உறக்கம் வரவில்லை. அவருடைய பட்டியல் இழந்ததை மறவாதிருக்க எழுதியது; எம்முடையதோ வாசியாமலே வாசித்தவன் போல் உணர்வதற்கு எழுதியது. ஒரு நூலின் பெயரைக் கொப்பியில் எழுதியவுடன் அந்நூலின் பாதி அறிவு எம்முள் வந்துவிட்டதுபோல் ஒரு திருப்தி உண்டாகிறதே, அத்திருப்தியே எமக்குப் பகையாயிற்று. பசித்தவன் சமையற் குறிப்பை வாசித்து ஏப்பம் விட்டாற்போன்றது அது.

மறுநாட் காலை அப்பப்பாவிடம் சென்று, "முப்பத்தெட்டில் எதை முதலில் வாசிக்க?" என்று கேட்டோம். "என் சரித்திரத்தை வாசி; எனக்கும் கேட்கக் கூடியதாய் வாசி" என்றார். பல்கலைக்கழக நூலகத்தில் இரவலாகப் பெற்ற பிரதி ஒன்று எம் பையிலேயே இருந்தது; இரண்டு மாதமாக அது திறக்கப்படவில்லை. அன்று தொடக்கம் நாளொன்றுக்கு இரண்டு அத்தியாயமாக வாய்விட்டு வாசித்தோம்.

அந்நூலிலே ஒரு நிகழ்ச்சி வருகிறது. உங்களிற் பலர் அறிந்ததாயினும் எமது பொருளுக்கு அதனினும் பொருத்தமானது பிறிதொன்று இல்லை. 1880ஆம் ஆண்டு, ஐயர் அப்போது கும்பகோணம் கல்லூரியிலே தமிழாசிரியர். இருபத்தைந்து வயது. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் மாணாக்கர். சேலம் இராமசுவாமி முதலியார் என்னும் முன்சீப் ஒருவரைக் காணச் சென்றார். என்னென்ன நூல்கள் பாடங் கேட்டிருக்கிறீர்கள் என்று முதலியார் வினவ, ஐயர் அந்தாதிகள், பிள்ளைத்தமிழ்கள், உலாக்கள், கோவைகள் என்று தாம் கற்ற நூல்களின் நீண்ட பட்டியலைக் கூறினார். முதலியார் வியக்கவில்லை. இவையெல்லாம் பிற்காலத்து நூல்கள். இவற்றுக்கு முந்திய பழைய நூல்களைப் படித்ததுண்டா என்று கேட்டுச் சீவக சிந்தாமணி, மணிமேகலை முதலிய பெயர்களைச் சொன்னார். ஐயர் அவற்றைப் படித்ததில்லை.

எண்ணிப் பாருங்கள். தாம் கற்றவற்றின் பட்டியலைச் சொல்லச் சென்ற ஒருவர், தாம் கல்லாதவற்றின் பட்டியலோடு திரும்பினார். ஆனால் அப்பட்டியலைக் கொப்பியில் எழுதிவிட்டு உறங்கவில்லை. முதலியார் தந்த சிந்தாமணிப் பிரதி ஒன்றை எடுத்துக்கொண்டார். விளங்காத சமணக் கருத்துகளைக் கும்பகோணத்திலிருந்த சைனர்களிடம் சென்று கேட்டறிந்தார். ஏடு தேடி ஊர் ஊராக அலைந்தார். ஏழாண்டு கழித்து, 1887இலே, சீவக சிந்தாமணி அச்சேறிற்று. அதன் பின்னரே பத்துப்பாட்டும், சிலப்பதிகாரமும், புறநானூறும், மணிமேகலையும் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. பட்டியலில் உள்ள ஒரே ஒரு பெயரை ஒருவர் உண்மையாகப் பற்றிக்கொண்டால் என்ன நிகழும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

இப்பகுதியை வாசித்தபோது அப்பப்பா எம்மை நிறுத்தினார். "எங்கடை சிறுப்பிட்டியாரையும் மறந்து போகாதை" என்றார். அவர் கருதியது சி. வை. தாமோதரம்பிள்ளையை. அவரும் எம்மைப்போல் மிஷனரிமாரிடங் கற்றவர். வட்டுக்கோட்டைச் செமினரியின் மாணாக்கர். வீரசோழியத்தை 1881இலும், தொல்காப்பியப் பொருளதிகாரத்தை நச்சினார்க்கினியர் உரையோடு 1885இலும், கலித்தொகையை 1887இலும் பதிப்பித்தார். அவர் தேடியவை கறையான் தின்றுகொண்டிருந்த ஏடுகள். அவருக்கு ஒவ்வொரு நாளும் ஒரு நூல் குறைந்துகொண்டிருந்தது. எமக்கு ஒவ்வொரு நாளும் ஒரு நூல் கூடுகிறது. அவர் பல்லாண்டு தேடியது இன்று எமக்குச் சில நூறு ரூபாவுக்குக் கடையிற் கிடைக்கிறது. கிடைத்தும் கட்டிலின் கீழே கிடக்கிறது.

விடுமுறை முடியும் தறுவாயில் நூலின் இறுதிக்கு வந்தோம். என் சரித்திரம் ஆனந்த விகடனில் 1940 முதல் வாரந்தோறும் வெளிவந்தது. 1942இல் ஐயர் காலமாகவே, இடையில் நின்றுபோயிற்று. நூல் வடிவம் பெற்றது 1950இலேதான். கடைசிப் பக்கத்தை வாசித்து நிறுத்தியதும் அப்பப்பா, "முடிஞ்சுதோ?" என்று கேட்டார். "முடியேல்லை அப்பப்பா, எழுதினவர் போய்ச் சேர்ந்திட்டார்" என்றோம். "அப்ப சரி. அடுத்ததை எடு" என்றார்.

அடுத்ததை எடுத்தோம். அதற்கடுத்ததையும் எடுத்தோம். விடுமுறை தோறும் வந்து வாசித்தோம். ஐந்தாவது நூல் நடந்துகொண்டிருக்கையில், மறு ஆண்டு தை மாதத்தில், அவர் காலமானார். அந்நூலின் எஞ்சிய பகுதியை நாம் தனியே வாசித்து முடித்தோம்.

அன்பர்களே, சொந்தக் கதை போதும். இவற்றால் நாம் கற்றுக்கொண்டு கைக்கொள்ள முயலும் சில வழிகளை உங்கள்முன் வைக்கின்றோம்.

முதலாவது, பட்டியலைக் கிழித்தெறிதல் வேண்டா. பட்டியல் முடியாது என்று தெரிந்ததனால் வருந்தவும் வேண்டா. முடியாத பட்டியல் நமது அறியாமையின் அளவுகோல். அஃது இருப்பது நல்லது. ஆனால் ஒவ்வொரு பெயருக்கும் அருகில், அதை யார் சொன்னார், எதற்காக அதை நாம் விரும்பினோம் என்று ஒரு வரி எழுதுதல் வேண்டும். ஓராண்டு கழித்து அவ்வரியை வாசிக்கும்போது அவ்விருப்பம் மீண்டும் எழாவிடின் அப்பெயரைத் தயங்காது வெட்டிவிடலாம். இவ்வாறு பார்த்ததில், மற்றவர் முன் சொல்லிக்கொள்வதற்காக மாத்திரம் நாம் எழுதியிருந்த பெயர்கள் எத்தனை என்பது தெரிந்தது. தொகையை இங்கே கூற வெட்கப்படுகின்றோம்.

இரண்டாவது, கையிலுள்ள இரண்டு நூல்களை வாசித்து முடித்தாலன்றி மூன்றாவதை வாங்குவதில்லை. முடித்த நூலைப் பற்றி நான்கு வரியாவது எழுதிவைத்தல் வேண்டும். நான்கு வரி எழுத வராவிடின் அந்நூலை வாசித்தோம் என்று கோடிடுவதில்லை. இவ்விதியினால் எமது 96இற் சில மீண்டும் 321இற் போய்ச் சேரக்கூடும்.

மூன்றாவது, ஆண்டுதோறும் ஒரு நூலையேனும் திரும்ப வாசித்தல். இது புதிய உபதேசம் அன்று. நம் கோயில்களிலே கந்தபுராண படனம் நடக்கும்போது, ஒருவர் செய்யுளை இராகத்தோடு வாசிக்க, மற்றொருவர் பயன் சொல்லுகிறார். பதினாயிரத்துக்கு மேற்பட்ட செய்யுள் கொண்ட அந்நூலை ஆண்டுதோறும் கேட்டுக் கேட்டே, பள்ளிக்கூட வாசலை மிதியாத ஆச்சிமாரும் வாசிப்பவர் பிழை விடும் இடத்திலே நிமிர்ந்து பார்க்குமளவு தேர்ச்சி பெற்றார்கள். அவர்களிடம் பட்டியல் இருக்கவில்லை. ஒரு நூல் இருந்தது. அந்நூல் அவர்களுக்குச் சொந்தமாயிற்று. நூறு நூல்களின் பெயர் தெரிந்த நாம் அவற்றுள் எதைச் சொந்தமாக்கிக்கொண்டோம்?

நான்காவது, தனியே வாசிப்பதோடு நில்லாமல் ஒருவருக்கு வாசித்துக் காட்டுதல். வாய்விட்டு வாசிப்பவன் பக்கங்களைத் தாண்ட முடியாது. கேட்பவர் "பொறு, திருப்பி வாசி" என்பார். அந்த "பொறு" என்னும் சொல் எந்தப் பேராசிரியரின் விளக்கத்துக்கும் குறைந்ததன்று. ஐந்து நூல்களை நாம் அவ்வாறு வாசித்தோம். நாம் வாசித்தவை என்று துணிந்து கூறத்தக்கவை அவ்வைந்துமே.

இனி, இச்சங்கத்துக்கு ஒரு விண்ணப்பம்.

அப்பப்பாவின் 38 நூல்களில் இதுவரை 29ஐத் தேடிக் கண்டோம். சில பல்கலைக்கழக நூலகத்தில். சில மருதானைப் பழைய புத்தகக் கடைகளில். சில, 2005இல் தொடங்கி ஈழத்து நூல்களை எண்ணிம வடிவிற் சேகரித்துவரும் நூலகம் என்னும் தளத்தில். ஒன்பது நூல்கள் இன்னும் அகப்படவில்லை. ஆனால் அவை அகப்படவில்லை என்பதையாவது நாம் அறிவோம். ஏன்? மூன்று நாள் இருந்து ஒருவர் எழுதி வைத்ததனால்.

1981ஆம் ஆண்டு மே மாத இறுதி இரவில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறக்குறைய 97,000 நூல்களும் அவற்றோடு ஏட்டுச்சுவடிகளும் அழிந்தன. அந்த நூலகம் 1933இலே க. மு. செல்லப்பா என்பவர் தம் வீட்டில் வைத்த சிறு தொகுதியிலிருந்து வளர்ந்தது. 1959இலே திறக்கப்பட்ட அதன் கட்டடத்துக்கு ஆலோசனை கூறியவருள் ஒருவர் நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். அரங்கநாதன். நூல் பூட்டிவைத்தற்கன்று, பயன்படுத்துதற்கே என்பதைத் தம் நூலக விதிகளுள் முதல் விதியாக வைத்தவர் அவர். நூலகம் மீளக் கட்டப்பட்டு இன்று நடைபெறுகின்றது. ஆனால் பொது நூலகத்துக்கு வெளியே, நம் வீடுகளின் அலுமாரிகளிலும் பெட்டகங்களிலும் இருந்து அழிந்தவற்றை யார் கணக்கெடுத்தார்? என்ன இருந்தது என்பது தெரியாவிடின் என்ன இழந்தோம் என்பதும் தெரியாது. எதைத் தேடுவது என்பதும் தெரியாது.

ஆதலால் இச்சங்கத்து இளைஞர்களை நாம் கேட்டுக்கொள்வது இது. வருகின்ற ஓராண்டினுள், ஆளுக்கு ஒரு கொப்பியோடு நம்மூர்ப் பெரியவர்களிடம் செல்லுவோம். இடம்பெயர்வதற்கு முன் உங்கள் வீட்டில் என்னென்ன புத்தகங்கள் இருந்தன என்று கேட்டு எழுதுவோம். நூலின் பெயர் தெரியாவிட்டாலும், அட்டையின் நிறத்தையும் கதையையும் சொன்னாலும் எழுதுவோம். இதற்குப் பணம் வேண்டியதில்லை, மண்டபம் வேண்டியதில்லை. ஆனால் காலம் வேண்டும். அது நம் கையில் அதிகம் இல்லை. ஒவ்வொரு தை மாதமும் ஒரு பட்டியல் மண்ணுக்குட் போய்க்கொண்டிருக்கிறது.

நமது சனசமூக நிலையத்து வாசிகசாலையில் இன்று பத்திரிகைகள் மாத்திரம் உள்ளன. அங்கே ஒரு தட்டு, ஒரேயொரு தட்டு, ஒதுக்கப்படுமாக. அப்பட்டியல்களில் அகப்படும் நூல்களை மாதம் ஒன்றாக அதில் வைப்போம். ஆண்டுக்குப் பன்னிரண்டு நூல்தானே என்று எண்ணவேண்டா. அப்பப்பாவின் அலுமாரியும் மாதம் ஒன்றாகவே நிறைந்தது. சனிக்கிழமை மாலைகளிற் பார்வை குறைந்த பெரியவர்களை அழைத்து, அந்நூல்களை வாசித்துக் காட்டுவோம். அவர்கள் "பொறு" என்னும் இடத்திற் பொறுப்போம்.

முதற் பங்காக எமது கட்டிலின் கீழுள்ள 23 நூல்களையும் தருகின்றோம் என்று சொல்லத்தான் எண்ணினோம். வாசியாத நூலைக் கொடுப்பது கொடையாகாது என்று தோன்றியதனால், வாசித்து, நான்கு வரி எழுதி, ஒவ்வொன்றாகத் தருவோம் என்று இச்சபையில் உறுதி கூறுகின்றோம். முதல் நூல் அடுத்த மாதம் வரும். வராவிடின் செயலாளர் அவர்கள் எம்மைக் கேட்கலாம்.

இக்கூட்டம் முடிந்ததும் உங்களில் யாரேனும் எம்மிடம் வந்து, "தம்பி, இன்ன நூலைப் படித்தீரோ?" என்று கேட்கத்தான் போகிறீர்கள். கொப்பியும் பேனாவும் பையில் ஆயத்தமாக உள்ளன. கேளுங்கள், 418ஆவதாக எழுதிக்கொள்வோம். ஆனால் யார் சொன்னார், ஏன் சொன்னார் என்பதையும் கேட்டே எழுதுவோம்.